கயிறு அண்ணன்

ஏழு மணிக்கு வருகிறேன் என்றவர் ஒன்பதரைக்கு வந்து இறங்குவார். எக்ஸெல் வண்டியின் முன்பக்கத்தில் கயிறு. அரிவாள், கோடாலி, கைரம்பம் எல்லாம் பின்னால் உரச்சாக்கில். அரிவாள் கீழே விழுந்தால் கால் பெருவிரலால் ஓரமாகத் தள்ளிவிடுவார். கயிற்றை மட்டும் இரண்டு கையாலும் ஏந்தி இறக்குவார். திண்ணையில் நாய் ஏறுமா, யாராவது தண்ணீர் கிண்ணீர் சிந்துவார்களா என்று விசாரிப்பார். அப்புறமும் மனசு ஒப்பாமல் தன் சட்டையைக் கழற்றி விரித்து, அதன்மேல் கிடத்துவார்.

ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் இந்த அண்ணன் இல்லாத ஊர் கிடையாது. பலாவும் வேம்பும் புளியும் ஓட்டுக்கூரை மேலும் கரண்டுக் கம்பி மேலும் சாய்ந்து நிற்கிற வரைக்கும் மரம் கழிக்க அவரைத்தான் கூப்பிட்டாக வேண்டும். கிளையைச் சும்மா வெட்டித் தள்ள யாராலும் முடியும். ஓடு உடையாமல், கம்பி அறுபடாமல், கோழிக்கூண்டு நசுங்காமல் கயிற்றில் கட்டி இறக்க வேறு ஆள் இல்லை. இது அவருக்கும் தெரியும் என்பதுதான் நமக்குச் சங்கடம்.

டீ குடித்தவுடன் மரத்தைப் பார்ப்பார் என்று நினைப்போம். கயிற்றைப் பிரிப்பார். இரண்டு கையையும் விரித்துப் பாகம் பாகமாக அளப்பார். நேற்றும் அளந்த கயிறுதான். ராத்திரியில் குறைந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம். அளந்துகொண்டே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருவிப் பார்ப்பார். எங்காவது பிசிறு தட்டுப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவார். “அண்ணே, வெயில் ஏறுது” என்று மெல்ல ஞாபகப்படுத்தினால், “இருங்கப்பு, கயிறு ஏதோ சொல்லுது” என்பார்.

அது சொல்லி முடித்ததும் இவர் ஆரம்பிப்பார். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் வாங்கியது. 12 எம்.எம். நைலான், மூன்று புரி, 200 அடி. கடைக்காரர் கிலோக் கணக்கில் எடை போட்டபோது சாக்கையும் சேர்த்து நிறுக்கப் பார்த்தாராம். அந்தச் சண்டை பத்து நிமிஷம். வெட்டிய நுனியைத் தீக்குச்சியால் உருக்கி, ஈரச்சாக்கில் உருட்டிக் கெட்டியாக்கிய கதை இன்னொரு பத்து நிமிஷம். முடிச்சு விழுகிற இடத்தில் கயிற்றின் பலம் பாதி வரைக்கும்கூடப் போய்விடும், வெயிலில் காயப்போட்டால் நைலான் நொந்துவிடும், நனைந்தால் வலு குறையும், எலிக்கு அதன் வாசம் பிடிக்கும். கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உண்மைதான். அது ஏன் நம் வாசலில், நாம் கூலி கொடுக்கிற நேரத்தில் என்பதுதான் கேள்வி.

வேலை முடிந்தபின் சுருட்டுகிற படலம் இருக்கிறதே, அதை உட்கார்ந்து பார்க்கத் தனிப் பொறுமை வேண்டும். உதவிக்கு வந்த பையன் தெரியாத்தனமாகக் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து, எல்லாரும் செய்கிற மாதிரி கட்டைவிரலுக்கும் முழங்கைக்குமாகச் சுற்ற ஆரம்பித்தான். அண்ணன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அப்பத்தா பாம்போ என்று கம்போடு ஓடிவந்தது. “முழங்கையில சுத்துனா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முறுக்கு ஏறும்டா. ஏறுன முறுக்கு எங்கடா போவும்? உங்கப்பன் வீட்டுக்கா போவும்?”

போகாதுதான். முறுக்கு ஏறிய கயிறு உச்சிக்கிளையிலிருந்து வீசும்போது பாதியில் திருகி முடிச்சாகி நின்றுவிடும். அதனால் அண்ணன் புரி ஓடுகிற திசையிலேயே வளையம் போடுவார். ஒவ்வொரு வளையத்துக்கும் விரலுக்கிடையில் கயிற்றை அரைத் திருகல் திருப்பி, ஏறிய முறுக்கை இறக்குவார். வளையம் எல்லாம் ஒரே அளவில் வர வேண்டும். ஒன்று நாலு விரல் கூடிவிட்டால் அதுவரை சுருட்டியதை உதறிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். கூலியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நாம் எருமை கட்டிய முளைக்குச்சி மாதிரி அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

கல்லூரியில் படிக்கிற எங்கள் தெருப் பையன் ஒருவன் போனில் ஒரு படம் காட்டினான். அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் இடுப்பில் சேணம் மாதிரி ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு மரத்தோடு சாய்ந்து தொங்குகிறார்கள். விடியலில் ஏறினால் பொழுதுக்கும் அப்படித்தான். இறங்கும்போது கயிற்றைப் பிடித்துச் சரிந்து கீழே வருகிறார்கள். (நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மான் பின்னால் போனால் இறங்குகிற இடம் ஜெயில்.) அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர்களில் ஒரு வெள்ளைக்காரர் கயிற்றைச் சுருட்டவே இல்லை. இடுப்பில் தொங்கிய பைக்குள் ஒரு நுனியிலிருந்து சோற்றை அள்ளிப்போடுவதுபோல் திணித்தார், பையை இழுத்துக் கட்டினார், போய்விட்டார்.

“திணிக்கிறான்” என்றார் அண்ணன். குரல் கம்மிவிட்டது.

திணித்த வரிசைக்குத் தலைகீழாகத் திரும்ப வெளியே வரும், அதனால் முறுக்கே ஏறாது, சிக்கும் விழாது என்று பையன் விளக்கினான். யோசித்துப் பார்த்தால் அண்ணனின் அரைமணி நேர வேலை அங்கே ஒரு நிமிஷம். அண்ணன் அந்தப் போனை அப்புறம் தொடவில்லை. “அவன் கயித்தச் சாக்குல போட்ட வைக்கோலா நெனச்சிட்டான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அன்றைக்கு வழக்கத்தைவிட மெதுவாகச் சுருட்டினார்.

வீட்டில் அந்தக் கயிற்றுக்குத் தனி ஆணி உண்டு, முருகன் காலண்டருக்கு மேலே. 200 அடிக் கயிறு தொங்குகிற அந்த வீட்டில் முன்பெல்லாம் துணி காயப்போட ஒரு முழக் கயிறு கிடையாது. அண்ணி சேலையை வேலிமுள்ளில் விரித்துக்கொண்டிருந்தார். ஜனவரியில் தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டுக்குக் காளை கொண்டுபோகிறவர்கள் கேட்டாலும் ஒரே பதில்தான்: மாட்டுக்கயிறு வேறு, மரக்கயிறு வேறு.

ஒரே ஒரு முறை, இதற்கு முந்தைய கயிறு கேள்வி கேட்காமல் வெளியே வந்தது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறி, புதுக்கோட்டை வரை தென்னையைச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போனதே, அன்றைக்கு. தெருவை அடைத்துக் கிடந்த மரங்களையும், கூரைமேல் படுத்துவிட்ட மரங்களையும் அண்ணன் வீடு வீடாகப் போய்க் கட்டி இழுத்தார். கூலி பேசவில்லை. பாகம் அளக்கவில்லை. கயிறு சேற்றில் கிடந்தது, மழையில் ஊறியது, முழங்கையில் சுற்றியவனையும் அவர் திட்டவில்லை. கரண்டு வந்து ஊர் ஒரு நிலைக்குத் திரும்பியபின் அதை உருவிப் பார்த்துவிட்டு, இனி மரத்துக்கு ஆகாது என்று ஒதுக்கினார். அண்ணிக்குக் கொடி கிடைத்தது அப்படித்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த மனிதர் தன் இடுப்பில் ஒரு சுற்றுக் கயிறு கட்டுவதில்லை. பின்பக்கம் அரிவாளைச் செருகிக்கொண்டு, கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறுங்காலில் ஏறுகிறார். மேலே போனதும் கிளையை அணைத்துக் கட்டுவார். கீழே அடிமரத்தில் மூன்று சுற்றுப் போடச் சொல்வார். அந்தச் சுற்றின் உரசலில் பெரிய கிளையையும் ஒரு பொடியன் பிடித்து நிதானமாக விட்டுவிட்டு இறக்கலாம். வெட்டப்போகிற கிளைக்கு மூன்று சுற்று. மூன்று பிள்ளை பெற்றவருக்கு ஒரு சுற்றும் கிடையாது. மழைக்காலத்துப் பலாமரம் வழுக்கும். முசுறு கூட்டில் கை பட்டால் எப்பேர்ப்பட்டவரும் பிடியை விட்டுவிடுவார். கீழே நிற்கிற நமக்கு அவர் இறங்குகிற வரை எச்சில் விழுங்க முடியாது. ஏதாவது ஆனால் அண்ணிக்கு யார் பதில் சொல்வது? அந்த அமெரிக்காக்காரன் எப்படிச் சுருட்டுகிறான் என்பது கிடக்கட்டும், மரத்தில் கால் வைக்கும் முன் தன் உடம்பைக் கட்டிக்கொண்டான் இல்லையா?

போன மாசம் எங்கள் வேப்பமரத்தடியில் வைத்து இதை அவரிடம் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அண்ணன் கயிற்றைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், தன் வயிற்றையும் ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டார்.

“என் எடைக்குத் தொங்குனா புரி இழுபட்டுருமேப்பு. வீட்ல பழைய கயிறு ஏதாச்சும் கெடந்தா எடுத்தாங்க, கட்டிக்கிறேன்.”