வெயிலில் பார்த்துக் காசு கொடுங்கள்

கேள்வி: காலையில் வண்டியை விட்டால் பின்னேரம் பெயின்ட் அடித்துத் தருவதாக ஒரு கராஜில் சொல்கிறார்கள். ஒரே நாள் வேலையை நம்பலாமா?
– ஆட்டோ சாரதி, ஸ்பிரிங்வெளி

பதில்: கீறலுக்கு நம்பலாம். நெளிவுக்கு பாஸின் கையைப் பொறுத்தது. துரு பிடித்த இடத்துக்கு வேண்டவே வேண்டாம்.

அவசரப்படுவதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் வண்டி கராஜில் நின்றால் இரண்டு நாள் ஹயர் போய்விடும். லீசிங் தவணை அதற்காகக் காத்திருக்காது. கடினமாக்கி கலந்த டூ-கே பெயின்டை, தகடே 60 பாகை செல்சியஸ் சூடேறும்படி அரை மணி நேரம் வைத்தால் இறுகிவிடும். ஆகவே ஒரு கேள்வி கேளுங்கள்: "பாஸ், எதில் சூடாக்குவீங்க?" சூட்டறை, அல்லது சூடேற்றும் விளக்கு என்று பதில் வந்தால் சரி. இரண்டும் இல்லையென்றால் ஓர் இரவாவது கராஜுக்குள்ளேயே காய வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்து ரோட்டுப் புழுதியெல்லாம் உங்கள் புதுப் பெயின்டில்தான் வந்து ஒட்டும்.

கேள்வி: கராஜுக்குள் பார்க்கும்போது ஒரே நிறம். வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தால் முன் கதவு தனியாகத் தெரிகிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?
– ஆசிரியை, பதுளை

பதில்: உங்களை மட்டுமல்ல, பாஸையும் ஏமாற்றியது அந்த டியூப் லைட்தான். வேறு வேறு சாயங்களைக் கலந்து எடுத்த இரண்டு நிறங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியும். சேலைக் கடைக்காரர் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து காட்டுவது அதனால்தான். வண்டியையும் வாசலுக்குத் தள்ளிப் பாருங்கள்.

சில்வர் நிறமென்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் நுண்ணிய அலுமினியச் செதில்கள் இருக்கின்றன. ஸ்ப்ரே கன்னை எவ்வளவு தூரத்தில் பிடித்தார், எவ்வளவு ஈரமாக அடித்தார் என்பதைப் பொறுத்து அவை படிந்து கிடக்கும் விதம் மாறும். நேராக நின்று பார்த்தால் ஒத்துப்போகும். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் கறுக்கும். வெள்ளையிலும் இதே கதை. டொயோட்டாவின் 040 நேரடி வெள்ளை. 070 முத்து வெள்ளை. அடி வெள்ளை, அதன்மேல் முத்துப் பூச்சு, அதற்கு மேல் கிளியர் என்று மூன்று அடுக்கு. முத்துப் பூச்சில் ஒரு கை கூடினாலோ குறைந்தாலோ நிறம் மாறிவிடும். நல்ல பாஸ் கதவோடு நிறுத்த மாட்டார். நிறத்தைப் பக்கத்துத் தகட்டுக்குள் மெல்ல மெல்லக் கரைத்துவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து கிளியர் அடிப்பார். அதற்கு அவர் கூடுதலாகக் காசு கேட்டால் கொடுங்கள், நியாயமான காசு.

கேள்வி: நமக்கோ பெயின்ட் வேலை தெரியாது. காசு கொடுக்குமுன் எதைத்தான் பார்ப்பது?
– கடைக்காரர், ஹாலிஎல

பதில்: தேயிலைத் தூளின் பளபளப்பைப் பார்த்து எந்த டீமேக்கராவது விலை சொல்வாரா? கொதிநீர் ஊற்றிச் சாயம் பார்ப்பார், வெந்த இலையைக் கவிழ்த்து மோந்து பார்ப்பார். பெயின்டுக்கும் அப்படித்தான். பளபளப்புக் கடைசிப் பூச்சின் வேலை; கட் அண்ட் பாலிஷ் போட்டால் எதுவும் ஒரு வாரம் மின்னும்.

முதலில் வண்டியைக் கழுவித் துடைத்துத் தரச் சொல்லுங்கள். தூசியோடு தந்தால் வாங்காதீர்கள். பிறகு முன்மூலையில் குந்தி, கண்ணைத் தகட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதில் விழும் நேரான ஒன்றின் நிழலைத் தேடுங்கள். லைட் போஸ்ட் போதும். நிழல் நேராக ஓடினால் தகடு நேர். ஓரிடத்தில் பாம்பாக நெளிந்தால் அங்கே பட்டி சமன் இல்லை. நிழலின் விளிம்பு தோடம்பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தால் பெயின்ட் சரியாகப் பரவவில்லை. கொஞ்சம் அப்படி இருப்பது கம்பனிப் பெயின்டிலும் உண்டு, ஆகவே பழைய கதவோடு ஒப்பிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும்.

அடுத்து கை. மெல்லிய துணியைப் போர்த்தி, கண்ணை மூடி, உள்ளங்கையைப் பழைய பெயின்டிலிருந்து புதியதற்கு இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும்.

அதன்பிறகு ஓரங்கள். அவசர வேலையின் உண்மை ஓரங்களில்தான் இருக்கிறது. கண்ணாடி ரப்பரைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். ரப்பரின் உதட்டிலேயே பெயின்ட் படிந்து, அடியில் கத்தியால் வெட்டியது போலக் கோடு நின்றால், ரப்பரைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டில் நகத்தை வையுங்கள். தட்டுப்பட்டால், பின்னொரு நாள் அங்கேதான் உரியும். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை அடைபட்டிருந்தால் உடனே திறக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு பார்த்தாலும் உள்ளே இருப்பது தெரியாது என்பதை நான் படித்தது ஒரு பழைய வேனில். கதவு நெளிவை ஒரே நாளில் எடுத்துத் தந்தார்கள், கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாம் மாதம் அதே இடத்தில் மிளகு அளவில் ஒரு கொப்பளம். நகத்தால் கிள்ளினேன். தண்ணீர் ஒரு சொட்டு கசிந்தது. அடியில் செம்மண் நிறத்தில் துருத் தூள். பட்டி ஈரத்தை உறிஞ்சக்கூடியது. அதைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, காயவிடாமல் மேலே பெயின்ட் அடித்தால், ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுத் தகட்டைத் தின்னும். பட்டியைக் காய்ந்த பேப்பரால் தேய்க்க வேண்டும். வாட்டர் பேப்பர் அதற்கு மேல் வரும் பிரைமருக்குத்தான். ஆகவே முடிந்த வேலையைப் பார்ப்பதைவிடப் பாதி வேலையில் போய்ப் பார்ப்பது மேல். "பட்டி வைச்சதும் ஒருக்கா காட்டுங்க பாஸ்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: காந்தம் வைத்துப் பார்க்கலாம் என்கிறார்களே?
– வாசகர், பசறை

பதில்: பார்க்கலாம். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம், இரும்புத் தகட்டில் 'டக்'கென்று பிடிக்கும். தடித்த பட்டிமேல் வழுக்கி விழும். பிளாஸ்டிக் பம்பரில் வைத்துப் பாஸோடு சண்டைக்குப் போகாதீர்கள். பெயின்ட் தடிப்பு அளக்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பனிப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன், அதாவது தலைமுடி இரண்டின் தடிப்பு. 200, 300 என்றால் மறுபடி அடித்தது. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே ஒரு மில்லிமீட்டர் பட்டி என்று அர்த்தம்.

கேள்வி: எங்கள் பக்கம் எப்போதும் பனிமூட்டம். பெயின்ட் அடிக்க எந்த மாதம் நல்லது?
– வாசகர், நமுனுகுல

பதில்: கொழுந்துக்கு மணம் ஏறும் மாதம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் காய்ந்த காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கித் தருகிறது. அதே காற்று பெயின்டுக்கும் உகந்தது.

ஐப்பசியில் தொடங்கும் மழைக் காலத்தில் கவனம் வேண்டும். தின்னர் ஆவியாகிப் போகும்போது தகட்டின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். குளிர்ந்த பெயின்டின்மேல் காற்றிலுள்ள ஈரம் படிந்து, பால் தெளித்தது போல வெளுத்துவிடும். பழைய என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்டில் இது அதிகம். 2,036 மீட்டர் உயர நமுனுகுல மலையிலிருந்து மூட்டம் இறங்குகிற பின்னேரத்தில் ஒருவர் திறந்த கொட்டகையில் கன்னைத் தூக்கினால், "நாளைக்குப் பத்து மணி வெயிலுக்கு அடிங்க" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு நாள் ஹயர் போனால் போகட்டும்.

கேள்வி: அந்தக் காலத்தில் துரைமார் காருக்குப் பெயின்ட் அடிக்க வாரக்கணக்கில் ஆகுமாமே, உண்மையா?
– ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, தெமோதர

பதில்: உண்மை, ஐயா. தூரிகையால் வார்னிஷ் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசுவார்கள். அமெரிக்காவில் டூபோன் கம்பனியின் டூக்கோ என்ற நைட்ரோசெலுலோஸ் பெயின்ட் வந்து அந்த வாரங்களை மணித்தியாலங்களாக்கியது. 1924ஆம் ஆண்டு ஓக்லன்ட் கார்கள் அந்தப் பெயின்டின் நீல நிறத்தில் வந்தன. பதுளைக்கு ரயில் வந்ததும் அதே 1924இல். இன்றைய 'ஒரே நாள்' பெயின்டுக்கும் அந்த டூக்கோதான் மூதாதை.

கேள்வி: வாங்கப்போகும் ஜப்பான் காரின் ஏலத்தாளில் 'டபிள்யூ 2' என்று குறித்திருக்கிறது. விட்டுவிடட்டுமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: விடாதீர்கள், விலையைப் பேசுங்கள். டபிள்யூ என்றால் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்த அடையாளம் தெரிகிறது என்று பொருள். எண் கூடக் கூட வேலை மோசம். பக்கத்தில் 'எக்ஸ்எக்ஸ்' இருந்தால் அந்தத் தகட்டையே மாற்றியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் அதே பழைய வண்டிகள்தான் கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே இங்கே ஓடிய காரென்றால், ஏலத்தாளுக்குப் பிந்திய வேலைகளையும் நீங்களே தேட வேண்டும்.

கேள்வி: நான் பெயின்ட் பாஸ். இப்படியெல்லாம் குறை பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் எங்கள் பிழைப்பு என்னாவது?
– வாசகர், வெலிமடை

பதில்: நல்ல வேலைக்காரருக்குத்தான் பார்க்கத் தெரிந்த வாடிக்கையாளர் வேண்டும், அண்ணே. பார்க்கத் தெரியாதவர் விலை குறைந்த இடத்துக்கே போவார். நீங்கள் அடியில் போடும் பிரைமர் அவர் கண்ணில் படாது. பட்டி வைத்ததும் போனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஏன் கூடக் காசு கேட்கிறீர்கள் என்று அந்தப் படமே சொல்லும்.

கேள்வி: என் மகன் ஓ.எல். முடித்துவிட்டு ஒரு கராஜில் பெயின்ட் வேலை பழகுகிறான். மூக்கில் லேஞ்சி கட்டிக்கொள்கிறான். போதுமா?
– தோட்டத் தொழிலாளி, லுணுகலை

பதில்: போதாது, அக்கா. டூ-கே பெயின்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. தெளிக்கும்போது அது மூச்சோடு போகும், லேஞ்சி அதைத் தடுக்காது, தூசிக்குப் போடும் மாஸ்க்கும் தடுக்காது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை பழகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரும். அதற்குப் பிறகு அந்தத் தொழிலே செய்ய முடியாமல் போனவர்கள் உண்டு. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடிதான் சரியானது. அது இல்லாத கராஜில் மகன் டிங்கரிங் பழகட்டும், பட்டி தேய்க்கட்டும், ஆனால் அதற்கும் தூசி மாஸ்க் வேண்டும். கன்னைத் தூக்கும் நேரத்தில் வெளியே நிற்கட்டும். வேலை முடிந்து வரும்போது நெஞ்சு இறுகுகிறது, ராத்திரியில் இருமல் என்றால் சளி என்று விட்டுவிடாதீர்கள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், என்ன வேலை செய்கிறான் என்பதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.