துண்டு போட்டாயிற்று

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டி நுழையும்போதே ஜன்னல் வழியே துண்டு விழுந்துவிடும். ஆள் பின்னால் வருவார். அதே சீட்டில் எதிர் ஜன்னலிலிருந்து ஒரு கைக்குட்டையும் விழும். பஞ்சாயத்துக்குக் கண்டக்டர் இருக்கிறார்.

சி மொழியில் நிரல் எழுதும் நம்மவர்கள் இந்த மரபைக் கைவிடாதது பெருமைக்குரியது. ஒரு திரெட் தரவை எழுதிவிட்டு ‘ரெடி’ என்று கொடி ஏற்றுகிறது. இன்னொன்று கொடியைப் பார்த்துத் தரவை எடுக்கிறது. நடுவே வரிசை காக்கும் மெமரி பேரியர் எதற்கு? ‘வாலடைல்’ என்றொரு துண்டு போதாதா? இன்டெல் லேப்டாப்பில் ஓடியதே! ஏஆர்எம் சிப்பில் கொடி முந்திக்கொண்டு தரவு பின்னால் வந்தால், சிப்பின் வளர்ப்பு சரியில்லை.

2011-இல் வந்த சி தரநிலை இதற்கென்றே அட்டாமிக் வகைகளைத் தந்தது. தரநிலைக்கென்ன, தரும்.

திரெட்சானிடைசர் என்ற கருவி இந்தத் திரெட் மோதலைக் காட்டிக்கொடுக்கும்தான். ஆனால் நிரல் பொதுவாக 5 முதல் 15 மடங்கு மெதுவாகும். முக்கால் மணி நேரப் பயணத்துக்கு யார் ஒரு பகலை ஒதுக்குவார்?

கடைசியில் பிழையைத் தேட ஒரு பிரின்ட்எஃப் வரி சேர்த்தார்கள். பிழை மறைந்தது. வரியை எடுத்தார்கள், திரும்பி வந்தது. இப்போது அந்த வரி வாடிக்கையாளரிடமே போய்விட்டது, தலையில் ஒரு குறிப்போடு: ‘தொடாதே.’