வெட்டியவர் வாத்தியார்

கேள்வி: அரசுப் பல்கலைக்கழகத்துக்கான நிதியை மாநில அரசு ஒரேயடியாக வெட்டினால் என்ன ஆகும்?

பதில்: அமெரிக்க மாநிலமான அலாஸ்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2019 ஜூனில் ஆளுநர் மைக் டன்லீவி (அங்கே ஆளுநர் ஓட்டு வாங்கி வருபவர்) ஒரே கையெழுத்தில் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் 13 கோடி டாலரை வெட்டினார். மாநிலம் தந்துவந்ததில் ஏறக்குறைய 40 சதவீதம்! இத்தனைக்கும் அவர் முன்னாள் பள்ளி ஆசிரியர்.

காரணம்? மாநிலத்தின் எண்ணெய்ப் பணத்திலிருந்து மக்களுக்கு ஆளுக்கு 3,000 டாலர் தருவதாகத் தேர்தலில் வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளை கையில் ரொக்கம், கல்லூரி வாசலில் பூட்டு!

ஜூலையில் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியை அறிவித்தது. நிரந்தரப் பேராசிரியர்களையும் வீட்டுக்கு அனுப்ப வழிசெய்யும் அறிவிப்பு அது. ஆளுநரைப் பதவியிறக்கக் கையெழுத்து வேட்டை தொடங்கியது. ஆகஸ்டில் மனம் இளகி, மூன்று ஆண்டுகளில் 7 கோடி டாலர் வெட்டு எனச் சமரசத்துக்கு வந்தார்.

அந்த ஆண்டு மக்கள் கைக்கு வந்ததோ 1,606 டாலர்தான்.