கட்டு இல்லாத பீடி

ஏல மக்கா, குனிஞ்ச தலை நிமிராம நிக்கியே, படித்துறையில துட்டு எதுவும் தொலைச்சிட்டியா? அரை மணி நேரமா பாக்கேன். பெருவிரல் ஒண்ணுதான் வேலை பாக்கு. மத்ததெல்லாம் சும்மா கெடக்கு. நம்ம முக்கூடல்ல பத்து விரலும் ஓடுனாத்தாம்ல கூலி.

உங்க அம்மையைப் பாரு. சுளகை மடியில வச்சா, இலையை வெட்டி, தூளை வச்சுச் சுருட்டி, நூலைச் சுத்தி, முனையை மடக்கி... இருபத்தஞ்சு சேந்தா ஒரு கட்டு. கட்டு முடிஞ்சா இடுப்பை நிமித்தி ஒரு வாய் தண்ணி குடிப்பா. உன் போன்ல கட்டு உண்டாடே? அசா ரஸ்கின்னு ஒரு அமெரிக்காக்காரன், தள்ளத் தள்ள அடியே வராத பக்கத்தை 2006-ல செஞ்சு விட்டுட்டான். பொறவு, தப்புப் பண்ணிட்டமேன்னு அவனே வருத்தப்பட்டிருக்கான். அவன் வருத்தப்பட்டு என்ன, உன் கழுத்து நிமிந்துதா?

போனை ஆத்துல எறின்னு சொல்லமாட்டேன். தாமிரபரணி ஏற்கெனவே நம்ம அழுக்கைச் சுமந்து சலிச்சுப்போய்க் கெடக்கா. வெறுங்கையும் ஆகாது. நான் பீடியை விட்டப்ப வெறுங்கையா இருந்துதான் பாத்தேன். மூணாம் நாளே கை தன்னால சட்டைப்பையைத் தடவுது. பொறவு சுக்குத் துண்டை வாயில ஒதுக்குனேன். இப்ப சுக்கை விட முடியல, அது வேற கதை. உனக்குச் சுக்கு, புஸ்தகந்தான்.

துட்டு இல்லன்னு சொல்லாத. உங்க அப்பன் கட்டுத சொத்து வரியோட, ரூவாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் போகுது. 1948-லயே சட்டம் போட்டாச்சு. மொய்யும் எழுதிட்டு, பந்தியில உக்காராம வீட்டுக்கு வந்து பழைய சோறு திங்கிறவன் நீதாம்ல.

'தனியா படிச்சா தூக்கம் வருது தாத்தா'ன்னு இழுப்ப. அதுக்கும் பீடிக்காரங்ககிட்டயே மருந்து இருக்கு. அந்தக் காலத்துல கேரளாவுல கண்ணூர்ப் பக்கம் பீடி சுத்துத எடத்துல, ஒருத்தர் பேப்பரும் கதையும் சத்தமா வாசிப்பாரு. அவர் பங்குப் பீடியை மத்தவங்க சுத்திக் குடுத்துருவாங்க. கியூபாவுல சுருட்டுச் சுத்துதவங்களுக்கு 1865-லருந்தே இது உண்டு. டூமான்னு ஒருத்தர் எழுதுன மாண்டிகிறிஸ்டோ நாவலைக் கேட்டுச் சொக்கிப்போய், சுருட்டுக்கே அந்தப் பேரை வச்சிட்டாங்கன்னா பாத்துக்கோயேன்!

அதனால சாயங்காலம் அம்மை சுளகை எடுத்தா, நீ புஸ்தகத்தை எடு. நம்ம திருநவேலிப் புதுமைப்பித்தன்ல ஆரம்பி: 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. கடவுளையே ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போவாரு பிள்ளைவாள். காப்பி குடிக்கிற எடத்துல பட்டுன்னு மூடிரு. 'காப்பிக்கு யாருல துட்டு குடுத்தா?'ன்னு அம்மை கேப்பா. வாயைத் திறக்காத. 'நாளைக்கு'ன்னு எந்திரிச்சுரு. போன் உன்கிட்ட காட்டுத வித்தைதான. நீயும் ஒரு தடவை காட்டேன்.

மறுநாள் அஞ்சு மணிக்கே, 'ஏல, எங்க போய்த் தொலைஞ்ச?'ன்னு தெருமுனை வரைக்கும் சத்தம் வரும். அப்பவும் நீ போனுக்குள்ள தலையைக் குடுத்துக்கிட்டு நின்னேன்னு வையி... அம்மை மடியில இலை வெட்டுத கத்தரி கெடக்கும், பாத்துக்கோ.