“அடுத்தது வரட்டும்”: ரொறொன்ரோத் தமிழர் மடிக்கணினி வாங்காதிருத்தல் பற்றிய ஓர் ஆய்வு

மடிக்கணினி வாங்குவது எப்படி என்று விளக்கும் எழுத்துகள் மலிந்து கிடக்கின்றன. ஆனால் வாங்குதல் என்பது கடையில் அட்டையைத் தட்டியதும் முடிந்துபோகும் நொடிநேரச் செயலாகவும், அதற்கு முன் மாதக்கணக்கிலும் சிலரிடம் ஆண்டுக்கணக்கிலும் நடைபெறுவது வாங்காதிருத்தலாகவும் இருக்கையில், சிறியதை ஆராய்ந்து பெரியதைக் கைவிட்டது அறிஞர் உலகின் பழைய வழக்கத்துக்கு ஏற்பவே அமைந்துள்ளது. வாங்காதிருத்தல் என்னும் கலைச்சொல் இங்கு வரையறுத்த பொருளில் ஆளப்படுகிறது: கையில் பணமும், வீட்டில் தேவையும், இருபது நிமிடக் கார்ப் பயணத்தில் கடையும் இருந்தும், இப்போதுள்ளதைவிட மேலானது ஒன்று விரைவில் வரும் என்ற நம்பிக்கையால் வாங்காமல் இருக்கும் நிலையே அது. பணமில்லாதவர் வாங்காமலிருப்பது வறுமை; தேவையில்லாதவர் வாங்காமலிருப்பது துறவு; இரண்டும் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஆய்வுக்களம், ஸ்காபரோவிலிருந்து மார்க்கம், ஏஜாக்ஸ் வரை பரந்திருக்கும் தமிழர் குடியிருப்புகள்.

இந்நிலையை அகத்திணை மரபில் எங்கு வைப்பது என்பது முதற் சிக்கல். காட்சிக்கு வைத்த கணினியைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விடுவதால், இதை இரங்கலுக்குரிய நெய்தலில் சேர்க்கலாம் என்று மேலோட்டமாகத் தோன்றும். அது பிழை. கார்காலத்தில் மீள்வேன் என்று பருவம் குறித்துப் பிரிந்த தலைவன் வரும்வரை ஆற்றியிருத்தலே முல்லையின் உரிப்பொருள்; மடிக்கணினிக் காத்திருப்பாளருக்கும் அவ்வாறு குறித்த பருவங்கள் உண்டு. ஜனவரித் தொடக்கத்தில் லாஸ் வேகஸ் மின்னணுக் கண்காட்சி, ஜூனில் ஆப்பிள் நிறுவனத்தின் மாநாடு, இலையுதிர் காலத்தில் அதே நிறுவனத்தின் கணினி அறிவிப்புகள் என அவை வரும். முகில் திரண்டும் தலைவன் வராதபோது, இது கார் அன்று, காலம் தப்பிய மழை என்று சொல்லித் தோழி தலைவியை ஆற்றுவிப்பது சங்கப் பாடல்களில் பலமுறை வரும் துறை. ஜூனில் புதிய கணினி எதுவும் வெளிவராதபோது, அது மென்பொருளுக்கான மாநாடு, வன்பொருளுக்குரிய காலம் ஒக்டோபரே என்று எடுத்துச் சொல்லும் மச்சான் இத்துறையின் இன்றைய வடிவம். ஆகவே இது முல்லையே என்று துணியலாம். ஆறு மாதம் பனி மூடும் நிலத்தில் முல்லை எவ்வாறு பூக்கும் என்னும் வினாவைத் தாவரவியலாரிடம் விட்டுவிடுவது நல்லது.

காத்திருப்பு தானாகத் தொடங்குவதில்லை. தொடங்கிவைப்பவர் ஒருவர் வேண்டும். மணப்பந்தலில் ஓலையோடு வந்து நின்று சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த முதியவரின் கதை பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் எனப் பெயர் பெற்றிருப்பதால், இக்கட்டுரையில் இவ்வகை உறவினர் தடுத்தாட்கொள்வோர் எனப்படுவர். இவர் கணினித் துறையில் வேலை பார்ப்பவர், அல்லது பார்ப்பதாகக் குடும்பத்தில் நம்பப்படுபவர், ஓலைக்குப் பதிலாகக் கைபேசியில் வேக ஒப்பீட்டு அட்டவணை ஒன்று வைத்திருப்பார், பிறந்தநாள் விழாவிலோ சாமத்திய வீட்டு மண்டபத்திலோ ஒரு கையில் மட்டன் ரோல்ஸைப் பிடித்தபடி, “தம்பி, உதை இப்ப வாங்காதை. அடுத்த மாசம் புதுசு வருதாம், கொஞ்சம் பொறு” என்பார். பக்கத்தில் நிற்கும் தாய், “அண்ணை சொன்னால் சரியாத்தான் இருக்கும்” என்று முடித்துவைப்பார். இக்கூற்றுக்குச் சான்று கேட்பது மரியாதைக் குறைவு. கூர்ந்து நோக்கத்தக்க செய்தி வேறொன்று: தடுத்தாட்கொள்வோர் தாம் பரிந்துரைக்கும் கணினியைத் தம் பணத்தில் வாங்கியவர் அல்லர்; அவர் மடியில் இருப்பது அலுவலகம் கொடுத்தது.

இத்துறையின் மூலவரைத் தேடிச் சென்றால், எதிலும் தமிழ்த் தொடர்பு காணும் நம் மரபுக்கு உழைப்பில்லாமலே பலன் கிட்டுகிறது. ஆடம் ஒஸ்போர்ன் 1939 இல் பாங்கொக்கில் பிறந்து, சிறுவயதைத் திருவண்ணாமலையில் கழித்தவர். அவருடைய தந்தை ஆர்தர் ஒஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியவர், 1964 இல் மவுண்டன் பாத் என்னும் இதழை அங்கிருந்து தொடங்கியவர். ஆடம் அமெரிக்கா சென்று, 1981 ஏப்ரலில் ஒஸ்போர்ன் 1 என்ற கணினியை வெளியிட்டார். தூக்கிச் செல்லத்தக்கது என்று விற்கப்பட்ட அது ஏறக்குறைய 11 கிலோ எடையும் 5 அங்குலத் திரையும் கொண்டது; விமான இருக்கையின் கீழ் அடங்கியது, மடியில் வைத்தால் மடிதான் அடங்கியிருக்கும். 1,795 அமெரிக்க டொலருக்கு மென்பொருள்களையும் சேர்த்துக் கொடுத்ததால் அது அமோகமாக விற்றது. 1983 இல், இதைவிடச் சிறந்தது வருகிறது என்று நிறுவனமே பேசத் தொடங்கியதும், வாடிக்கையாளர் கையிலிருப்பதை விட்டு வரப்போவதற்காகக் காத்திருக்க, விற்பனை படுத்து, அந்த ஆண்டு செப்டெம்பரில் நிறுவனம் நொடித்துப்போனது என்பது கதை. வரப்போவதை முந்திச் சொல்லி இருப்பதன் விற்பனையைக் கெடுத்துக்கொள்ளும் இந்நிகழ்வு வணிகவியலில் ஒஸ்போர்ன் விளைவு எனப்படும். தந்தை ஆசையை அறுப்பது பற்றி எழுதினார்; மகனின் பெயரால் வழங்குவது ஆசையை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைப்பது பற்றிய கோட்பாடு.

இக்கதையை ஏற்காதோரும் உளர். 1982 இலேயே 9 அங்குலத் திரையோடு கேப்ரோ என்னும் போட்டிக் கணினி வந்துவிட்டது, ஒஸ்போர்ன் நிறுவனத்தின் சரக்குக் கணக்கும் குளறுபடியாக இருந்தது, ஆகவே வாடிக்கையாளர் காத்திருந்ததால் அந்நிறுவனம் கவிழவில்லை, அடுத்த கடைக்குப் போனதால் கவிழ்ந்தது என்பது அவர்கள் கட்சி. உண்மை அவர்கள் பக்கமே சாய்வதாகத் தெரிகிறது. ஆயினும், வாங்காமல் இருந்தே ஒரு நிறுவனத்தைச் சாய்க்கலாம் என்னும் கதையில் தடுத்தாட்கொள்வோர் காணும் பெருமிதம் சரக்குக் கணக்கில் கிடைக்காது. ஆடம் ஒஸ்போர்ன் 2003 இல் கொடைக்கானலில் காலமானார்.

இந்த வீழ்ச்சியிலிருந்து பின்வந்தோர் கற்றது வாய் திறவாமை. அதில் கைதேர்ந்தது ஆப்பிள். அறிவிக்கும் நாள்வரை அப்படி ஒரு பொருள் இருப்பதாகவே அது பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை. மௌனத்தால் காத்திருப்பு ஒழியும் என்று யாரேனும் எண்ணியிருந்தால் அது தப்புக்கணக்கு. சொல்லாதபோது காத்திருப்பாளர் நிமித்தம் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். கடையில் இருப்புக் குறைவதும், அனுப்பும் நாள் இரண்டு வாரம் தள்ளிப்போவதும், பழையதன் விலையில் நூறு டொலர் திடீரென இறங்குவதும் பல்லி சொல்லுக்கு நிகரான குறிகளாகின்றன. இவ்வகையில் செவ்வியல் சான்று பவர்புக் ஜி5. 2003 ஜூனில் ஆப்பிளின் மேசைக் கணினிக்கு ஜி5 என்னும் செயலி, அதாவது கணக்கிடும் மூளைச் சில்லு, கிடைத்ததும், மடிக்கணினிக்கும் அது விரைவில் வரும் என்று உலகெங்கும் ஒரு கூட்டம் காத்திருந்தது. அந்நிறுவனத்தின் அறிவிப்புகள் செவ்வாய்க்கிழமைகளில் வருவது வழக்கமாதலால், “அடுத்த செவ்வாய் பவர்புக் ஜி5” என்பது நையாண்டித் தொடராகவே நிலைத்துவிட்டது. அச்செயலியின் சூடு மடிக்கணினியின் ஒடுங்கிய உடலுக்குள் அடங்கவில்லை. 2005 ஜூனில் இன்டெல் சில்லுக்கு மாறுவதாக அறிவிப்பு வந்தது. 2006 ஜனவரியில் வேறு செயலியோடும் வேறு பெயரோடும் மேக்புக் ப்ரோ வந்தது. இரண்டரை ஆண்டு காத்திருக்கப்பட்ட பொருள் பிறக்கவே இல்லை. செவ்வாயில் நல்ல காரியம் தொடங்காத குடும்பங்களுக்கு இதில் வியப்பு இருக்க நியாயமில்லை.

வராதது வருத்தியதைவிட வந்தது வருத்தியதே மிகுதி. 2016 ஒக்டோபரில் வெளிவந்த மேக்புக் ப்ரோவில், கமரா அட்டை செருகும் துளையும் தொலைக்காட்சியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ வாயும் காந்தத்தால் ஒட்டும் மின்னிணைப்பும் நீக்கப்பட்டிருந்தன. நினைவகத்தை 16 ஜிபிக்கு மேல் கூட்ட முடியாது. மெலிந்த விசைப்பலகையில் சில எழுத்துகள் ஒரு தட்டுக்கு இருமுறை விழுந்தன, சில விழவே மறுத்தன. 2018 ஜூனில் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் ஒன்றை நிறுவனம் அறிவிக்கவேண்டியதாயிற்று. 2019 நவம்பரில் பழைய வகை விசைகள் மீண்டன. 2021 ஒக்டோபரில் துளையும் வாயும் காந்தமும் மீண்டன. 2015 இல் கையிலிருந்ததைப் பெறுவதற்கு ஆறாண்டு பொறுத்திருந்தவர்களின் நிலைக்கு மீள்வரவுக் காத்திருப்பு என்று பெயரிடலாம். இவ்வாய்வின் மையக் கருத்தும் இதிலிருந்தே முளைக்கிறது: காத்திருப்பாளர் முடிவில் பெறுவது பெரும்பாலும் காத்திருக்கத் தொடங்கிய நாளில் கடையிலிருந்த பொருளே.

அதைக் காட்டுவதற்கு முன் சூழலையும் சற்று நோக்கவேண்டும். 2011 இல் பணி தொடங்கி 2020 இல் ஓடும் என்று சொல்லப்பட்ட எக்ளின்ரன் குறொஸ்ரவுன் ரயில், 2025 முடியும்வரை ஒரு பயணியையும் ஏற்றவில்லை. 2023 ஜூலையில் தடம்புரண்ட ஸ்காபரோ ரயில் பிறகு ஓடவே இல்லை. நகரின் மேப்பிள் லீஃப்ஸ் அணி 1967 இற்குப் பின் ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றதில்லை. இத்தகைய நகரில் ஒரு கணினிக்கு ஒன்பது மாதம் பொறுப்பதைக் குறையென்று சொல்ல எவருக்கும் வாய் வராது. ஒப்புநோக்கத் தக்கது தமிழ்நாட்டு நிலை. அங்கு 2011 செப்டெம்பரில் மாணவர்க்கு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கி, இடையில் அது நின்று, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு வழங்கப்படும் என்று மீண்டும் அறிவிக்கப்பட்டது. அங்கே வருமா என்பது கேள்வி. இங்கே எது வரும் என்பது கேள்வி. முன்னதற்கு விடை கிடைத்தால் மகிழ்ச்சி உண்டு.

ரொறொன்ரோவுக்கே உரிய ஒரு கலப்பு வடிவமும் உள்ளது. கொஸ்கோவில் வாங்கிய கணினியை 90 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதால், வாங்கிக்கொண்டே வாங்காதிருத்தல் இங்கு சாத்தியமாகிறது. அவ்வாறு வாங்கப்பட்ட கணினியை இனங்காண்பது எளிது: மூடியின் மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் உரிக்கப்பட்டிருக்காது, பெட்டி, நுரைத்தாளோடு பேஸ்மென்ற் படிக்கட்டின் கீழ் இருக்கும், பற்றுச்சீட்டு குளிர்சாதனப் பெட்டியின் கதவில், முருகன் படம் போட்ட காந்தத்தின் அடியில் தொங்கும், பிள்ளை அதைத் தொடப்போனால், “கீறல் விழப்போகுது, கையை எடு” என்று குரல் வரும். பழைய கணினிதான் இன்னமும் சமையலறை மேசையில் உழைத்துக்கொண்டிருக்கும். அதன் பிணைச்சல் ஒரு பக்கம் கழன்றுவிட்டதால் திரை சுவரில் சாய்ந்திருக்கும். மின்கம்பி கறுப்பு ரேப் சுற்றப்பட்டு, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்து வைத்தால் மட்டுமே மின்சாரத்தை உள்ளே விடும். அந்தக் கோணம் வீட்டில் ஒருவருக்குத்தான் கைவந்திருக்கும்.

விலைக் கணக்கு சுருக்கமானது. 1,000 டொலர் என்று ஒட்டிய கணினிக்கு ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரியோடு 1,130 கட்டவேண்டும். ஒன்பது மாதம் பொறுத்து, கறுப்பு வெள்ளியிலோ பொக்சிங் டே எனப்படும் டிசெம்பர் 26 இலோ 120 டொலர் தள்ளுபடி பெற்றவர், வரியோடு 994 டொலர் 40 சதம் கட்டுகிறார். அதாவது ஏறக்குறைய முதல்நாள் ஒட்டியிருந்த விலையை, வரி என்று ஒன்று இருப்பதை மறந்து, கட்டுவதாக நினைத்த அதே தொகையை. பொறுத்தால் மலியும் என்ற இந்த விதியாவது நிலையானதா என்றால், 2025 இன் பிற்பகுதியில் அதுவும் ஆட்டம் கண்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரி எடுத்துக்கொண்டதால் அவற்றின் விலை ஏறியது; மைக்ரோன் நிறுவனம் குருஷல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு நினைவகம் விற்று வந்த வணிகத்தையே கைவிடுவதாக டிசெம்பரில் அறிவித்தது. மலியும் என்று பொறுத்தவர், ஏறுவதைப் பார்த்துப் பொறுக்கவேண்டியவரானார்.

காத்திருப்பை முடித்துவைப்பது புதிய கணினியின் வரவு என்று பொதுவாக நம்பப்படுகிறது. அது உண்மையன்று, முடித்துவைப்பது பழைய கணினியின் சாவு, அல்லது பல்கலைக்கழகத்தின் செப்டெம்பர். சாவுக்கு நாள் குறிக்கும் வேலையை மைக்ரோசொஃப்ட் எடுத்துக்கொண்டதும் உண்டு: விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கணினிகளுக்கு, விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாததால் உயிரோடு காரியம் செய்யப்பட்டது. அந்த அவசரத்தில் கடைக்குப் போகிறவர், காத்திருந்த புதியதன் விலையைப் பார்த்து ஒரு கணம் நின்று, அதன் பக்கத்தில் விலை குறைத்து வைத்திருக்கும் சென்ற ஆண்டு மாதிரியை எடுத்துக்கொண்டு வருகிறார். தடுத்தாட்கொள்வோர் அதைப் பார்த்துவிட்டு, “இதுவும் நல்ல சாமான்தான்” என்று பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்வார்.

இறந்ததாக அறிவிக்கப்பட்ட கணினியின் பின்வாழ்வு தனி ஆய்வுக்குரியது என்றாலும் ஒரு குறிப்பு இங்கே பொருந்தும். பிணைச்சல் கழன்ற அந்தக் கணினி, நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் போகும் எவரேனும் ஒருவரின் கைப்பொதியில், மின்கலம் இருப்பதால் பெட்டியில் போட வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு, யாழ்ப்பாணத்திலுள்ள மருமகனுக்கு அனுப்பப்படுகிறது. இவரை இரண்டாம் நிலைக் காத்திருப்பாளர் என்று வகைப்படுத்தலாம். கணினி வந்து சேர்ந்ததும் அவர் முறைப்படி ரொறொன்ரோவுக்கு அழைத்து நன்றி சொல்லி, மாமியின் முழங்கால் வலி, பனி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் விசாரித்து முடித்தபின், மிகுந்த பணிவோடு கேட்கிறார்: “மாமா, நீங்கள் இப்ப வாங்கினதை எப்ப மாத்துவியள்?”