எந்த ஆப் நல்லது, மாமா?

மதுரைக் கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வாசலில் நின்றுகொண்டு ஒருவன் போனைப் பார்த்துப் பல்லைக் கடித்தால், அவனுக்குப் பங்குச் சந்தையில் அடி விழுந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. துவரம்பருப்பு இரண்டு கிலோவா மூன்று கிலோவா என்று பார்க்க வந்தவனாகவும் இருக்கலாம். முந்தாநாள் நான் அப்படித்தான் நின்றேன். வீட்டில் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்ட சாமான் பட்டியல், குறிப்பெடுக்கிற ஆப் ஒன்றில் இருந்தது. திறந்தால், 'புதிய பதிப்பில் என்ன சிறப்பு தெரியுமா?' என்று ஒரு பெட்டி. அதை மூடினால், 'உங்கள் இலவச வரம்பு முடியப்போகிறது' என்று அடுத்த பெட்டி. அதையும் மூடிய பிறகு பட்டியல் வந்தது. வந்த பட்டியலின் தலையில் நட்சத்திரம் ஒன்று மின்னி, 'இதைச் சுருக்கித் தரட்டுமா?' என்று கேட்டது.

துவரம்பருப்பு, உளுந்து, மல்லி, வரமிளகாய். இதில் எதைச் சுருக்குவது? விரல் பட்டுவிட்டதால் சுருக்கியும் கொடுத்தது: 'இந்தக் குறிப்பு ஒரு குடும்பத்துக்குத் தேவையான சமையல் பொருட்களைப் பற்றியது.' கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, சிக்னல் இல்லையா?" என்றார். சிக்னல் இருக்கிறதய்யா, அதுதான் கோளாறே.

ஆப்பின் பேரை எழுத மாட்டேன். எழுதினால், "அதை ஏண்ணே வச்சிருக்கீங்க, இது சூப்பரா இருக்கும்" என்று நீங்கள் இன்னொன்றைச் சொல்வீர்கள். உங்கள் போனிலும் நாலைந்து கிடக்கும், மறைக்க வேண்டாம். ஒன்றில் ஆதார் எண், ஒன்றில் ஏதோ ஒரு ஜனவரியில் ஆரம்பித்த நடைப்பயிற்சித் திட்டம், ஒன்றில் 'மிக முக்கியம்' என்ற தலைப்பும் அதற்குக் கீழே வெட்டவெளியும். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்வது தனிக் கணக்கு. இந்த ஜனங்கள் அதிகமாகப் பேசுவது தங்களோடுதான் என்று கண்டுகொண்டு, வாட்ஸ்அப்பே 2022-ல் அதற்கென்று ஒரு வசதி செய்து கொடுத்தது. அதுவரை என்ன செய்தோம்? தம்பியைச் சேர்த்து ஒரு குரூப் ஆரம்பித்து, உடனே தம்பியை வெளியேற்றிவிட்டு, உள்ளே தனியாக உட்கார்ந்து பால் கணக்கு எழுதினோம்.

இந்த லட்சணத்தில் இருக்கிற என்னிடம் வந்து என் அக்கா மகள், "மாமா, நோட்ஸ் எடுக்க எந்த ஆப் நல்லது?" என்று கேட்டிருக்கிறாள். குரூப் 4-க்குப் படிக்கிறாள். படிப்போடு அன்றாடத் திட்டமும் அதிலேயே போட்டுக்கொள்ள வேண்டுமாம். இதற்கு என்னிடம் தெளிவான பதில் உண்டு. கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

எவர்நோட் என்கிற குறிப்பு ஆப் 2008-ல் வந்தது. யானை மறக்காது என்று வெள்ளைக்காரர்கள் நம்புவதால் யானைத் தலையைச் சின்னமாக வைத்தார்கள். காசு கொடுக்காதவர்கள்கூட 1,00,000 குறிப்புகள் வரை எழுதலாம், 250 நோட்டுகள் வைத்துக்கொள்ளலாம் என்று தாராளமாக இருந்தார்கள். பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற இத்தாலிக் கம்பெனி அதை வாங்கியது. 2023 டிசம்பரில் இலவசக்காரர்களுக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்டு என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேல் எழுதி வைத்திருந்தவர்கள் பழசைப் பார்க்கலாம், திருத்தலாம், புதிதாக ஒன்று எழுதத்தான் முடியாது. பெர்லினில் பிறந்த வுண்டர்லிஸ்ட் ஆப்பை 2015-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2020 மே 6-ஆம் தேதி இழுத்து மூடியது. கூகுள் நோட்புக் 2006-ல் வந்து 2012-ல் போனது. அடுத்த வருஷமே கூகுள் கீப் என்று வேறு பேரில் அதே கம்பெனி வந்து நின்றது.

கம்பெனிகளுக்குச் செலவு இருக்கிறது, தெரியும். ஆள் சம்பளம், கரண்டு பில், எல்லாம் நியாயம். ஆனால் 'இலவசம், இலவசம்' என்று கூப்பிட்டு, பத்து வருஷம் எழுதவிட்டு, பாட்டி சொன்ன கஷாயக் குறிப்பிலிருந்து பையனின் தடுப்பூசித் தேதி வரை எல்லாம் உள்ளே போன பிறகு வாசலில் டிக்கெட் கிழிக்க ஆள் போடுகிறார்களே, அதை என்ன சொல்வது? நான் எழுதி வைத்த இடத்தில் நானே இன்னொரு குறிப்பு எழுத வாடகை கட்ட வேண்டும். இதில் 'உங்கள் எண்ணங்களின் வீடு' என்று விளம்பரம் வேறு. என் வீடு என்றால் வாடகை எதற்கு?

அக்கா மகள் படிக்கப் போவது புது நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு. 2023 ஜூலை 15-ல் திறந்தார்கள். குளுகுளுவென்று, படிக்காமலிருக்க ஒரு சாக்கும் சொல்ல முடியாத இடம். ஒருநாள் அவளைக் கூப்பிடப் போனவன் லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். நோஷன் என்கிற ஆப்பில் 'இந்திய அரசமைப்பு' என்று ஒரு பக்கம். மேலே முகப்புப் படமாகப் பனி மூடிய மலை. பக்கத்தில் தராசு பொம்மை. கீழே 'தொடங்கவில்லை', 'நடக்கிறது', 'முடிந்தது' என்று மூன்று வரிசை. அடிப்படை உரிமைகள், அரசு நெறிமுறைக் கோட்பாடுகள், அவசர நிலை எல்லாமே முதல் வரிசையில்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தாள். அவசர நிலைக்கு எந்தச் சிவப்பு பொருந்தும் என்பதில் அன்றைக்கு முழுதும் போயிருக்கிறது.

அடுத்த வாரம் பார்த்தால் ஆப்சிடியன் என்று இன்னோர் ஆப். யாரோ யூடியூபில், "உங்க ஃபைல் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும்" என்று சொன்னாராம். நல்ல சமாச்சாரம்தான். ஆனால் அதில் குறிப்புகளைப் புள்ளிகளாக்கிக் கோடு போட்டுக் காட்டுகிற படம் ஒன்று வரும். அவள் எழுதியிருந்தது நாலு பக்கம். நாலு புள்ளியையும் இழுத்து இழுத்து விட்டு ரசித்துக்கொண்டிருந்தாள். இதற்கெல்லாம் மூலபுருஷர் நிக்லாஸ் லூமன் என்கிற ஜெர்மன் சமூகவியலாளர் என்று எந்த வீடியோவைத் திறந்தாலும் சொல்கிறார்கள். ஏறத்தாழ 90,000 துண்டுச் சீட்டு எழுதி வைத்து, அதிலிருந்து புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியவர். வாஸ்தவம். அவர் வைத்திருந்தது பேனா, சீட்டு, மரப்பெட்டி. சீட்டுக்கு முகப்புப் படம் கிடையாது.

எல்லாம் எந்தப் பரீட்சைக்கு? குரூப் 4-ல் 200 கேள்வி, 3 மணி நேரம், கறுப்பு பால்பாயிண்ட் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும். விடை தெரியாவிட்டால் அதற்கும் ஐந்தாவதாக ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள். சும்மா விட்டுவிட்டு வரக்கூடாது, 'தெரியவில்லை' என்பதையும் கறுப்பாக்கிக் காட்ட வேண்டும். நான் பார்த்த வசதிகளிலேயே யோக்கியமானது அந்த ஐந்தாவது வட்டம்தான். இந்த ஆப்களில் ஒன்றிலாவது அது உண்டா?

இதையெல்லாம் பார்க்கும்போது எங்கள் வீட்டு மொய் நோட்டு ஞாபகம் வருகிறது. அதைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீள நோட்டு, முதுகில் சிவப்புத் துணி. புது மண்டபத்துக் கடையில் வாங்கியது. அந்தக் கடைகளே இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. நோட்டு எங்கேயும் போகவில்லை, பீரோவில் இருக்கிறது. முதல் பக்கத்தில் நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் பிள்ளையார் சுழி. ஆரம்ப அலங்காரம் அதோடு சரி. அடுத்த வரியிலிருந்து வேலை.

முதலில் ஊர். பிறகு இனிஷியல், பேர். பேரோடு விட்டால் போச்சு. செக்கானூரணியில் ஒரே இனிஷியலில் ஒரே பேரில் ஆறு பேர் இருப்பார்கள், ஆறு பேருமே மாமன் மச்சான் முறை. அதனால் பக்கத்தில் 'டிராக்டர்', 'மிலிட்டரி', 'ரைஸ்மில்', 'டீக்கடை', 'மேலத்தெரு' என்று ஓர் அடையாளம். டேக் என்று ஆப்புக்காரர்கள் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அதுதான். கடைசியில் தொகை, எண்ணிலும் எழுத்திலும்.

இரு பக்க இணைப்பு என்று ஆப்சிடியன்காரர்கள் சிலாகிக்கிறார்கள். மொய் நோட்டில் இணைப்பு இல்லாத வரியே கிடையாது. கருமாத்தூரிலிருந்து நம் வீட்டுக் காதுகுத்துக்கு ஐநூற்றொன்று வந்திருக்கும். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் ஆயிரத்தொன்று செய்திருப்போம். ஐநூற்றொன்று கழிந்தது, மிச்ச ஐநூறு அவர்கள் தலையில். ஓரத்தில் பென்சிலில் ஒரு டிக். அந்த டிக்கைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தலைமுறையில் பெண் கேட்கப் போவதா வேண்டாமா என்பதே முடிவாகும்.

பேக்கப்? மைக்கில் சொல்லிவிடுகிறார்கள். பேரும் ஊரும் தொகையும் மண்டபம் முழுக்கக் கேட்ட பிறகு அதை அழிக்க யாரால் முடியும்? நம் நோட்டைக் கரையான் அரித்தாலும், கொடுத்தவர் வீட்டு நோட்டில் அதே வரி பத்திரமாக இருக்கும். நம்மைவிடப் பத்திரமாக. நினைவூட்டல்? பத்திரிகை வீடு தேடி வரும். "கண்டிப்பா வந்துரணும்" என்று சொல்கிற அந்தக் 'கண்டிப்பா'வில் எவ்வளவு அழுத்தம் என்பதை வைத்தே பழைய பாக்கி எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

தேடல் வசதிக்குப் பெரியம்மா. "விக்கிரமங்கலத்துக்காரங்க நமக்கு என்ன செஞ்சாங்க பெரியம்மா?" என்று கேட்டால் போதும், பீரோவைத் திறக்கக்கூட மாட்டார். "முன்னூத்தி ஒண்ணு. அதுவும் சாப்புட்டு முடிச்சிட்டுத்தான் எழுதுனாங்க." சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்கிற தகவல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? எந்தக் கட்டத்திலும் இல்லை. ஆனால் தேடினால் கிடைக்கும்.

இப்போது உசிலம்பட்டி, தேனிப் பக்கமெல்லாம் மொய் எழுத லேப்டாப்போடு ஆள் வந்துவிடுகிறார்கள். தட்டியவுடன் ரசீது அச்சாகி வருகிறது. மறுநாள் ஊர்வாரியாகப் பிரித்துப் புத்தகமாகவே கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டு விசேஷத்தில் பெரியம்மா ரசீதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்தில் ஒரு பையனையும் நோட்டும் பேனாவுமாக உட்காரவைத்தார். "கரண்டு போனா?" என்றார். பையன் அன்றைக்கு எழுதிய எழுத்து கோழி கிளறினதுதான், ஆனால் இந்த நிமிஷம் வரை அதைப் பார்க்க யாரும் காசு கேட்கவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. மொய் நோட்டை யாரும் ஆசைக்காகத் திறப்பதில்லை, பயத்தில் திறக்கிறார்கள். ஒரு வரியை மறந்தால் பந்தியில் முகம் கொடுக்க முடியாது. 'போனவாட்டி எங்ககிட்ட வாங்கினது நெனப்பில்லையாக்கும்' என்று ஒரு சொல் விழுந்தால் மூன்று தலைமுறைக்குக் காணும். அரசமைப்பின் 42-ஆவது திருத்தம் 1976-ல் வந்தது என்பதை மறந்தால் எந்தக் கருமாத்தூர்க்காரர் வந்து சண்டை போடப் போகிறார்? அதனால்தான் அதற்கு நிறம் தேர்ந்தெடுக்க நமக்கு நேரம் இருக்கிறது.

சரி, எந்த ஆப்? மூன்று பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன். ஒன்று, எழுதியதை மொத்தமாக வெளியே எடுத்துக்கொண்டு போக வழி இருக்க வேண்டும். இரண்டு, நெட் இல்லாமலும் திறக்க வேண்டும். மூன்று, தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும்.

இந்த மூன்றாவதில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. 'சட்டம்' என்று தேடினால் 'சட்டத்தில்' வராது. 'மாவட்டம்' என்று தேடினால் 'மாவட்டத்தின்' வராது. 'வைகையாற்றின் நீளம் 258 கிலோமீட்டர்' என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள், 'வைகை ஆறு' என்று தேடினால் ஒன்றுமில்லை என்கிறது. வைகையில் ஒன்றுமில்லை என்று கேட்பது மதுரைக்காரனுக்குப் பழக்கம்தான், ஆனாலும் ஓர் அளவு இருக்கிறது. பழைய எழுத்துருவில் செய்த பி.டி.எஃப்.பிலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஒட்டினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக விழுகிறது. இத்தனை கோடிப் பேர் பேசுகிற மொழியில் ஒரு சொல்லை உருபோடு சேர்த்துத் தேடத் தெரியவில்லை, பக்கத்துக்குப் பனிமலை வைக்க மட்டும் ஆயிரம் படம் தருகிறார்கள்.

இதை விடக் கூடாது என்று நான் வைத்திருக்கிற ஆப்பின் கம்பெனிக்கே புகார் எழுத உட்கார்ந்தேன். மனிதர் யாரும் இல்லை. பொம்மை ஒன்று வந்து கையை ஆட்டியது. வைகை, உருபு, எழுத்துரு என்று விலாவாரியாகத் தமிழிலேயே தட்டினேன். 'உங்கள் உற்சாகத்துக்கு நன்றி!' என்றது. உற்சாகம் இல்லை, கோபம் என்று எழுதினேன். 'அருமை! உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது' என்று பதினாறு இலக்கத்தில் ஓர் எண்ணைக் கொடுத்தது. கொடுத்துவிட்டு, பின்னால் தேவைப்படும், இந்த எண்ணை எங்காவது பத்திரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றது.