தண்ணியில்லாக் கெணத்துக்குக் கமலை

ஏலே பேராண்டி, ஒங்க அப்பனுக்கு அறுவது முடிஞ்சதும் முடியாததுமா, வரிய மிச்சம் புடிக்கப்போறேன்னு இன்சூரன்ஸ்காரனக் கூட்டியாந்துட்டியாமே? கத்திரி வெயில்ல கழுத்துல டை வேற கட்டியிருக்கானாம்.

ஒங்க அப்பனுக்கு வரி எவ்வளவு வருதுன்னு பாத்தியா? பென்ஷனும் வட்டியும் சேந்து அஞ்சரை லட்சம். 2025-26 கணக்குக்குப் புது முறையில 12 லட்சம் வரைக்கும் வரி இல்லங்கான் சர்க்காரு. பென்ஷன்காரனுக்கு அதுக்கு மேல 75,000 கழிவு. நெலம், ஷேரு வித்த லாபம் இருந்தா அது வேற கணக்கு. கெணத்துல தண்ணியே இல்ல, நீ கமலைக்கு எண்ணெ போடுத!

இன்னொரு கூத்து கேளு. புது முறையில மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 80டி கழிவே கெடையாது. ஒடம்புக்குன்னு காப்பீடு எடு, வேண்டாங்கல. வரிக்குன்னு எதுக்குலே?

பழைய முறைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கவனும் உண்டு. அங்க 60 ஆனவனுக்கு 3 லட்சம், 80 ஆனவனுக்கு 5 லட்சம் வரைக்கும் வரி இல்ல. டெபாசிட் வட்டியில 50,000 கழியும். காப்பீடு இல்லாத கெழவன் மருந்துச் செலவையே 50,000 வரைக்கும் காட்டலாம். மேலத்தெரு வாத்தியார் இதக் கேட்டுட்டு, மஞ்சப்பை நெறைய மருந்துக்கடை பில்லத் தூக்கிட்டுப் போனாரு. அம்புட்டும் ரொக்கமாக் குடுத்தது. ரொக்கத்துக்குக் கழிவு கெடையாதுலே. ஆடிட்டர் ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு. பெரிய படிப்பு படிச்ச மனுசன்!

நீ பாக்க வேண்டியது வேற. ஒங்க அப்பனுக்கு ஒரே பேங்குல வட்டி 1,20,000 வருதுல்லா? அறுவது தாண்டினவனுக்கு வட்டி 1 லட்சத்துக்கு மேல போனா, பேங்குக்காரன் மொத்தத்துலயும் பத்து சதவீதம் புடிச்சிருவான். எனக்கு வரி வராதுய்யான்னு வருசத் தொடக்கத்துலயே 15எச் எழுதிக் குடுத்திருந்தா விட்டிருப்பான். ஒரு தாளு. அதுக்குச் சோம்பல்பட்டு 12,000 போச்சு. இப்ப ரிட்டர்ன் போட்டுல்லா வாங்கணும்? இதுக்கு மட்டும் ஒன் போன்ல ஆப் இல்லியோ?

என்னையக் கேக்கியா? 75 தாண்டியாச்சு. பென்ஷனும் வட்டியும் ஒரே பேங்குல, வேற வருமானம் கெடையாது. பேங்குக்காரன்கிட்ட உறுதிமொழி ஒண்ணு குடுத்தேன். வரி இருந்தா அவனே கணக்குப் போட்டுப் புடிச்சுக்கிடுவான், ரிட்டர்ன் போடாண்டாம். கால் வட்டி கூட வருதுன்னு நாலு பேங்குல போட்டானுவளே என் சேக்காளிமாரு, அவனுவதான் ஜூலை பொறந்தா ஆடிட்டர் வீட்டு வாசல்ல வரிசையில நிக்கானுவ.